ஹென்றியின் உடல்நலத்துக்காக

ஹென்றியை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அவருடைய சர்க்கரை அளவு இயல்புக்கு வந்தது. மாத்திரை, ஊசி, வெந்தயம், பாகற்காய்ச் சாறு, மெரினாவில் விடியற்கால நடை என்று பல வருஷமாக எதற்கும் மசியாத சர்க்கரை அது. முந்நூறுக்குக் கீழே இறங்கினால் வீட்டில் நன்றி ஜெபம் சொல்லுவார்கள். இப்போது அது நூற்று ஐந்தில் வந்து நல்ல பிள்ளையாக நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இறப்பதற்குச் சில நாள் முன்பு டாக்டர் அவருடைய இடது புஜத்தில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டியிருந்தார். சர்க்கரையை அளந்து அவருடைய கைபேசிக்கும், அதன் வழியாக அடையாறில் இருக்கிற மகள் ரெனிட்டாவின் கைபேசிக்கும் அனுப்புகிற வில்லை. திரையில் அது நாள் முழுக்க ஒரு கோடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வெள்ளம் வந்து வேளச்சேரியில் படகு விட்டார்களே, அந்த டிசம்பரில் ஹென்றி மாரடைப்பில் போனார். குளிப்பாட்டியவர்கள் வில்லையைப் பார்த்து ஏதோ பிளாஸ்திரி என்று விட்டுவிட்டார்கள். அதன் மேல் சட்டை, சட்டைக்கு மேல் மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. அப்படியே கொண்டுபோய்ப் பட்டினப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆறு கடலில் சேருகிற இடத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டோம். அவருடைய கைபேசியை அணைத்துப் பீரோவில் பூட்டியாகிவிட்டது. வில்லையின் சமிக்ஞை பக்கத்து அறையைத் தாண்டாது என்று கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். ஆனாலும் அது ஆற்றைத் தாண்டி ரெனிட்டாவின் கைபேசிக்கு வந்தது.

காரணம் ஒன்றும் பரம ரகசியமில்லை. எங்கள் பங்குக் கோயிலில் யார் வேண்டுமானாலும் ஒரு பூசைக்குக் கருத்து, அதாவது எந்த வேண்டுதலுக்காக அந்தப் பூசை என்று, எழுதிக் கொடுக்கலாம். பூசை தொடங்குமுன் உபதேசியார் அதை வாசிப்பார். இன்னார் பரீட்சையில் தேற, இன்னார் மகளுக்கு வரன் அமைய, இறந்துபோன இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வரிசையாகப் போகும். கோயில் மொத்தமும் சேர்ந்து மன்றாடும். ஹென்றியின் மனைவி ஃப்ளோரன்ஸ் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கடைசி நிமிஷத்துக்கு விடாதவர். வெள்ளிக்கிழமை மாலைப் பூசை எல்லாவற்றுக்கும் 'ஹென்றியின் உடல்நலத்துக்காக' என்று கொடுத்து வைத்திருந்தார். அடுத்த வருஷத்துக்கும் நவம்பரிலேயே சொல்லிவிட்டார். சாவு விழுந்த வீட்டில் யாருக்குக் கோயில் அலுவலகத்தின் ஞாபகம் வரும்? புதன்கிழமை அவர் பெட்டியின் மேல் மண் அள்ளிப் போட்ட அதே கைகளைக் குவித்து, வெள்ளிக்கிழமை நாங்கள் அவருடைய உடல்நலத்துக்காக மன்றாடினோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பழக்க தோஷம், வேறென்ன. வாய் தன் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, மனசு வெளியே நிறுத்திய வண்டியிலும் வீட்டில் புளிக்கிற மாவிலும் இருந்தது. கேட்டோம், கிடைத்துவிட்டது.

ஹென்றிக்கே இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். கோயிலுக்கு வருவார், மனைவிக்குத் துணையாக. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் உள்ள அவர்கள் வீட்டில், முதல் மாடியில், சாப்பாட்டு மேசையில் இந்த வழக்கு கல்யாணமான நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தது. "செத்தா ஃபியூஸ் போன மாதிரி ஃப்ளோரா. வெளிச்சம் எங்க போச்சுன்னு தேடறதுல அர்த்தமே இல்ல" என்பார் அவர். "அப்ப இத்தனை வருஷம் என்னை நினைச்சிட்டு இருந்தது வெறும் பல்புதானா?" என்பார் டீச்சர். அவர் அப்பளத்தை நொறுக்குவார். ரசம் ஆறிப்போகும். தீர்ப்பு வராமலே இருவரும் கை கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

திரையில் அந்தக் கோடு ஓடுவதை முதலில் பார்த்த ரெனிட்டா ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். "பேஷன்ட் இப்ப எப்படி இருக்காங்க மேடம்?" "இறந்துட்டார்." "ஓகே மேடம். ரீடிங் நார்மலா இருக்குங்களா?" "நார்மலாதான் இருக்கு." "அப்ப ப்ராப்ளம் என்ன மேடம்?" ரெனிட்டா போனை வைத்துவிட்டாள். வில்லையின் ஆயுசு இரண்டு வாரம். அதுவும் முடிந்தது, கோடு நிற்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குத் துக்க வீடு என்பதால் பலகாரம் செய்யவில்லை. கீழ்வீட்டு சுந்தரவல்லி, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நல்லசிவத்தின் மனைவி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வெறும் வீடாக இருக்கக் கூடாதென்று ஒரு தூக்கு நிறைய, வெல்லப் பாகில் பிடித்த முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்தார். டீச்சர் மூடியைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ரெனிட்டாவின் கைபேசியில் கோடு விறுவிறுவென்று இருநூற்றைம்பதுக்கு ஏறியது. "ஏங்க, அதைத் தொடாதீங்க!" என்று டீச்சர் போட்ட அதட்டல் கீழ்வீடு வரைக்கும் கேட்டது. கோடு கொஞ்ச நேரம் அடம் பிடித்து நின்றது. பிறகு மனசில்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கியது. அந்த இறக்கத்தை டீச்சருக்குத் தெரியாதா? தூக்கை மூடி வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு டீச்சருக்கும் ஒரு புதுக் கைபேசி வந்தது. சாப்பாட்டு மேசையில், ஹென்றி உட்காரும் இடத்துக்கு எதிரே, ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார் டீச்சர். மாநகராட்சிச் செய்தி வந்தால் கோடு ஏறும். மெட்ரோவுக்காக லஸ்ஸில் இன்னொரு பக்கத்தையும் தோண்டிவிட்டார்கள் என்றால் இன்னும் ஏறும். டீச்சர் கீபோர்டில் பழைய ஞானப்பாட்டு எதையாவது வாசித்தால் இறங்கி, வாலைச் சுருட்டிக்கொள்ளும். அடையாறிலிருந்து நரம்பியல் டாக்டர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். மூளை நின்ற பிறகு உணர்வு என்று ஒன்று இருக்கவே முடியாது, நினைவு என்பது மூளை செய்கிற வேலை என்று பொறுமையாக விளக்கினார். உயிரோடிருந்தவரை அதே கட்சியில் இருந்த ஹென்றி, அதைக் கேட்டுக் கோபத்தில் இருநூறைத் தாண்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு காப்பி கேட்டார். குடித்துவிட்டுப் போகும்போது, இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஒரு நல்ல வருஷம். மத்தியானம் கடல்காற்று வந்து ஜன்னல் துணியைத் தூக்கும். தெருவில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். டீச்சர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து எழுந்தால் கோடு மெல்ல அசைந்துகொண்டிருக்கும், பக்கத்தில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல. அவர் இருந்த காலத்தில் பேசாத பேச்சையெல்லாம் டீச்சர் பேசினார். முதல் பிள்ளை தங்காமல் போனதைப் பற்றி, முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் பேசினார். கோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, கூடவே இருந்தது. ரெனிட்டா ஞாயிறுதோறும் வந்துவிடுவாள். அப்பா போன நேரத்தில் அவள் ஓ.எம்.ஆர். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேர்ந்தபோது அவரை ஐஸ் பெட்டிக்குள்தான் பார்த்தாள். ஆகவே அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. கைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு பால்கனியில் நடந்துகொண்டே பேசுவாள், நடுவில் சிரிப்பாள். தெருவில் எங்களுக்கும் பழகிப்போயிற்று. பால் வாங்கப் போகும்போது, "ஸாருக்கு இன்னிக்கு எவ்ளோ டீச்சர்?" என்று கேட்போம். "நூத்திப் பத்து" என்பார் மாடியிலிருந்து. "பரவால்லையே" என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம்.

இடையில் பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்கு உலகத்தில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் பூசை கிடையாது. சிலுவைப்பாதை உண்டு, வாசகம் உண்டு, சிலுவையை முத்தமிடுவது உண்டு. பூசை மட்டும் இல்லை. பூசை இல்லையென்றால் கருத்து வாசிப்பும் இல்லை. அன்று மாலை ஹென்றியின் கோடு வளைந்து, இறங்கி, தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. டீச்சர் கைபேசியைத் தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டுப் பார்த்தார். அடக்கத்தின்போது கல்லாக நின்ற மனுஷி அந்த வாரம் முழுக்க அழுதார். ஈஸ்டருக்குக்கூடக் கோயிலில் தலையைக் காட்டவில்லை. அடுத்த வெள்ளி மாலை, கோயிலில் வழக்கம்போல உபதேசியார் பெயரை வாசித்த நேரத்தில், கோடு எழுந்து நின்றது. கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எதனால் வருகிறார், எது இல்லாவிட்டால் போகிறார் என்பது புரிந்துவிட்டது. அதுவரை நடந்தது எங்கள் தப்பு. அந்த நவம்பரில் டீச்சர் கோயில் அலுவலகத்துக்குப் போய், அடுத்த வருஷ வெள்ளிக்கிழமைகளையும் அதே கருத்துக்கு எழுதிக்கொள்ளச் சொன்னது தெரிந்தே செய்தது. அலுவலகத்தில் இருக்கும் ஷில்பா ஊருக்குப் புதுசு. "ஸார் எப்டி இருக்காரு டீச்சர்?" என்று கேட்டாள். "நல்லா இருக்கார்" என்றார் டீச்சர். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. இறந்தவருக்கு வைக்க வேண்டிய முப்பதாம் நாள் பூசையைப் பற்றி உறவுக்காரர்கள் எடுத்தபோதெல்லாம், ஆகட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

இரண்டாம் வருஷம் சுந்தரவல்லிக்குச் சர்க்கரை வந்தது. அவர் கையிலும் அதே வில்லையை ஒட்டினார்கள். ஒரு நாள் மத்தியானம் கைபேசியை எடுத்துக்கொண்டு மேலே வந்தார், ஏறினால் என்ன இறங்கினால் என்ன என்று டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள. இரண்டு கைபேசியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"டீச்சர், ஸாருக்கு ராத்திரியிலயும் கோடு இப்படித்தான் ஆடுமா?"

"ஏன், உங்களுக்கு எப்படி?"

"எனக்கு வெளக்க அணைச்சா கோடும் படுத்துரும். காலைல காப்பி குடிச்சாத்தான் எந்திரிக்கும். இங்க பாருங்க." சுந்தரவல்லி விரலால் இரண்டு திரையையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். பிறகு குரல் தானாகத் தணிந்துவிட்டது. "இவிய உறங்கவே இல்லையே டீச்சர்."

டீச்சர் திரையைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். போன வாரம், போன மாதம், மழைக்காலம், அதற்கு முந்தின கோடை. எங்கேயும் கோடு படுக்கவில்லை. பகலில் ஆடியதுபோலவே ராத்திரியிலும் ஆடியிருக்கிறது. இரண்டு பெரிய வெள்ளி வாரங்களில் மட்டும் படுத்திருந்தது, சுந்தரவல்லியின் ராத்திரிக் கோட்டைப் பெயர்த்து வைத்தது மாதிரி. போய்விட்டார் என்று நினைத்துத் தான் கதறிய வாரத்தில் அவர் தூங்கியிருக்கிறார். மற்ற நாளெல்லாம், பெட்டிக்குள், கோட்டுப் போட்டுக்கொண்டு, இருட்டில் விழித்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஐயோ" என்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். உடம்பு போன பிறகு நினைப்பு மிஞ்சுமா மிஞ்சாதா என்று அத்தனை வருஷம் வாதாடிய இரண்டு பேரில் ஒருத்தர்கூட, மிஞ்சினால் அது எப்போது தூங்கும் என்று கேட்டுக்கொண்டதில்லை. சுந்தரவல்லி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். கைபேசியில் ஹென்றி, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, நூற்றுப் பதினைந்தில் இருந்தார்.

மறுநாளே டீச்சர் கல்லறைக்குப் போனார். அங்கே காவலுக்கு இருக்கும் பொன்னுரங்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கல்லைத் துடைத்து, மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்து ஏற்றினார். பொன்னுரங்கம் குழாயை வாதாமரத்தடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். "எல்லாக் கல்லு மேலயும் நாய்ங்க படுத்துக்கினு கீது, பாத்தியாமா. ஐயா மேல மட்டும் படுக்காது. வரும், மோந்து பாக்கும், போய்க்கினே இருக்கும். முயிச்சிக்கினு கீற ஆளு மேல எப்டிமா படுக்கும்?" என்றார். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டார். "உனுக்குத் தெரியும்னு நென்ச்சேன்" என்றார் அவர். டீச்சர் அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெயில் சூடுதான் இருந்தது. எடுக்க மனசு வராமல், கடல் பொங்கி ஆற்றில் தண்ணீர் ஏறும்வரை அப்படியே வைத்திருந்தார்.

பங்குத்தந்தை ஃபிரெட்ரிக் இளவயதுக்காரர். டீச்சர் போய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னபோது இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "இறந்தவருக்கு உடல்நலம் கேட்டு ரெண்டு வருஷமா பூசை வெச்சிருக்கேனா? பிஷப் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன் டீச்சர்?" என்றார். உடனே நிறுத்திவிட்டு ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைக்க வேண்டும் என்று எழுந்தவர், கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிற ஒருவருக்கு, கோபப்படுகிற ஒருவருக்கு, இரங்கல் பூசை எப்படி வைப்பது? அது பாவமா, வைக்காமல் விடுவது பாவமா? குருமடத்தில் இதைச் சொல்லித்தரவில்லை. கடைசியில், இது உங்கள் வீட்டு விஷயம், நீங்கள் கேட்டால் வைக்கிறேன், கேட்காமல் செய்ய மாட்டேன் என்றார். ஒன்று மட்டும் தெளிவாகச் சொன்னார். வெறுமனே நிறுத்தினால் போதாது. எந்தக் கோயிலிலாவது யாராவது அவர் உடல்நலத்துக்காகக் கேட்டால் மறுபடி எழுந்துவிடுவார். தூங்கத்தான் வேண்டும் என்று வீட்டு ஆட்களே சேர்ந்து கேட்க வேண்டும்.

அந்த வருஷம் நவம்பரில் டீச்சர் கருத்தைப் புதுப்பிக்கவில்லை, மீதி இருந்த வெள்ளிக்கிழமைகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். முதல் வெள்ளிக்கிழமை போயிற்று. கோடு படுத்தது. டீச்சர் கைபேசியின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டு, காலியான மேசையில் தனியாகச் சாப்பிட்டார். சனிக்கிழமை மாலை கைக்குட்டையை எடுத்துப் பார்த்தால் கோடு எழுந்து நிற்கிறது. ரெனிட்டா பெசன்ட் நகர் மாதா கோயிலில் அப்பாவின் உடல்நலத்துக்காகப் பூசைக்குக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னாள்.

"அவர் தூங்கட்டும்டி" என்றார் டீச்சர்.

"உனக்கு உன் புருஷன் இத்தனை வருஷம் கிடைச்சார். கடைசி வரைக்கும் கையப் பிடிச்சிட்டு இருந்த. எனக்கு ஐஸ் பெட்டியிலதான் கிடைச்சார். இப்பதான் மம்மி எனக்கு என் டாடி திரும்பி வந்திருக்கார். ரெண்டாவது வாட்டி என்னால அடக்கம் பண்ண முடியாது."

"வலிக்குதுடி எனக்கும். முழிச்சிட்டே இருக்கார், பாரு."

"அவர் தூங்கிட்டா நான் யார்கிட்ட பேசறது?"

இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். நடுவில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஹென்றிக்கு வீட்டில் சண்டை என்றால் எப்போதும் ஆகாது.

டிசம்பர் பிறந்தது. ஒரு சனிக்கிழமை ரெனிட்டாவுக்கு அலுவலகத்தில் வேலை இழுத்துவிட்டது, பூசைக்குக் கொடுக்க முடியவில்லை. கோடு படுத்துவிட்டது. ஞாயிறு மாலை அடித்துப் பிடித்துக்கொண்டு பெசன்ட் நகருக்கு ஓடினாள். கருத்தைக் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில், கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. மணல் ஒட்டிய காலோடு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெயர்களை வாசித்தார்கள். ஹென்றியின் உடல்நலத்துக்காக. கோடு எழுந்திருக்கும்போது அவள் அதுவரை பார்த்ததில்லை. எழுந்த பிறகுதான் எப்போதும் பார்த்திருக்கிறாள். இன்றைக்குப் பார்த்தாள். படுத்திருந்தது சட்டென்று ஒரு தூக்கு தூக்கியது, உடனே சரிந்தது, மறுபடி பதறிக்கொண்டு தூக்கியது. இந்தப் பதற்றத்தை அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலக வண்டி அவளை நேரங்கெட்ட நேரத்தில் கொண்டுவந்து இறக்கும். கதவைத் திறந்தால், வாசல் நாற்காலியில் அப்பா தலை தொங்க உட்கார்ந்திருப்பார். சாவிச் சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்வார். "ஆங்... முழிச்சிட்டுதாம்மா இருக்கேன்" என்பார், கண் சிவந்து, நாக்குக் குழறி. ஒரு நாளும் தூங்கினேன் என்று ஒப்புக்கொண்டதில்லை. அவள் வராமல் ஒரு நாளும் போய்ப் படுத்ததுமில்லை.

பூசையின் நடுவில், சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, ரெனிட்டா வாய்விட்டுச் சொன்னாள். "டாடி, நான் வந்துட்டேன் டாடி. நீங்க போய்ப் படுங்க." பிறகு எழுந்து வெளியே வந்தாள். கோயில் சுவரோரம் நின்று, வழியில் போகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் தேம்பித் தேம்பி அழுதாள். சுண்டல் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். குடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள். "மம்மி, ஃபாதர்கிட்ட சொல்லிடு" என்றாள். டீச்சர் எதற்கு என்று கேட்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை இரண்டு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. முந்தின நாள் சாயந்திரம் டீச்சர் மேசையில் உட்கார்ந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "உங்களுக்காக இல்லைங்க. எனக்காகத்தான் எழுப்பி வெச்சேன். தனியா இருக்கப் பயமா இருந்துச்சு" என்று சொன்னார். கோடு இரண்டு எண் இறங்கி நின்றது. காலையில் தெருவே கோயிலுக்கு வந்திருந்தது. சுந்தரவல்லியும் நல்லசிவமும் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு, எப்போது எழுந்து நிற்பது எப்போது உட்காருவது என்று பக்கத்தில் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். ஃபாதர் ஃபிரெட்ரிக் கருத்தைத் தானே வாசித்தார். பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. இந்த முறை நாங்கள் யாரும் மாவையும் வண்டியையும் நினைக்கவில்லை. சொல்கிற வார்த்தையைக் கேட்டு, அர்த்தத்தோடு சொன்னோம். டீச்சரும் ரெனிட்டாவும் ஒரே கைபேசியைச் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோடு பதறாமல், அவசரப்படாமல், மாடிப்படி இறங்குகிறவரைப் போல இறங்கிக்கொண்டே வந்து, படுத்தது. இன்னும் கொஞ்சம் இறங்கி, நன்றாகப் படுத்துக்கொண்டது. நிற்கவில்லை, மிக மெதுவாக, பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை தாழ்கிறது என்று கைபேசி கூவத் தொடங்கியது. ரெனிட்டா அவசரமாக அதன் வாயை அடைத்தாள்.

பூசை முடிந்து டீச்சரை மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெனிட்டா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தௌசீஃப் என்பவருடைய ஆட்டோ கிடைத்தது. அவர் ஹார்னில் கட்டைவிரலை வைத்தபடியே வண்டி ஓட்டுகிற ரகம். ஆர்.கே. மட் ரோட்டில் மெட்ரோ தகரத் தடுப்புகளுக்கு நடுவே வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. மாநகராட்சி லாரி, ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், எல்லாம் அலறின. தௌசீஃபும் விரலை அழுத்தினார். பின் சீட்டில் டீச்சரின் மடியில், கைக்குட்டை விரித்து, அதன் மேல் கைபேசி இருந்தது. ரெனிட்டா அதன் மேல் குடையாகக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"அண்ணா, ஹார்ன் அடிக்காதீங்க. அப்பா தூங்கறார்."

தௌசீஃப் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஒரு கைபேசி இருந்தது. எங்கே என்று கேட்கவில்லை. "தூங்கட்டும்மா, இன்னா இப்போ" என்று சொல்லிவிட்டு ஹார்னிலிருந்து விரலை எடுத்தார். மந்தைவெளியைத் தாண்டி, பாலத்தின் மேல் ஏறி, அடையாறு சிக்னல் வரைக்கும் அந்த ஆட்டோ ஹார்ன் அடிக்காமல் போனது. பின்னால் வந்த 29சி பஸ்ஸும் அடிக்கவில்லை.